பூச்சி மருந்துத் தடை: நாடுகள் கூடி முடிவெடுக்கும் முறை

வேப்பூர், விருத்தாசலம் வட்டாரத்தில் மணிலா, பருத்தி, முந்திரி பயிரிடுவோருக்கு எண்டோசல்பான் பழகிய பெயர். ஒரு காலத்தில் காய்ப்புழுவுக்கும் கம்பளிப்புழுவுக்கும் கை முதலில் போனது அந்த மருந்துக்குத்தான். அது கடையிலிருந்து மறைந்த விதத்தை விவசாயிகள் அறிந்திருப்பது நல்லது. கரையானுக்கு ஊற்றும் குளோர்பைரிபாஸும் இப்போது அதே பாதையில் செல்கிறது.

காற்றிலும் நீரிலும் நெடுந்தூரம் போய், மண்ணிலும் உடற்கொழுப்பிலும் தங்கிவிடும் நஞ்சை ஒரு நாடு மட்டும் தடுத்துப் பயனில்லை. ஆகவே 2001ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் பல நாடுகள் உடன்படிக்கை செய்தன. இந்தியா 2006இல் அதை ஏற்றது. உறுப்பு நாடு எதுவும் ஒரு மருந்தைத் தடைப் பட்டியலில் சேர்க்கக் கோரலாம். 31 நிபுணர்கள் கொண்ட குழு, அது சிதையாமல் நிலைக்கிறதா, கேடு எவ்வளவு, மாற்று உண்டா என்று படிப்படியாக ஆராயும். பிறகுதான் எல்லா நாடுகளும் கூடும் மாநாட்டுக்கு வரும்.

எண்டோசல்பானுக்கு எதிராக ஐரோப்பிய நாடுகள் 2007இல் கோரிக்கை வைத்தன. முடிவானது 2011 ஏப்ரலில், ஜெனீவாவில். இடையில் இந்தியா கடுமையாக எதிர்த்தது. விலை குறைந்த மருந்தை விட்டுச் சிறு விவசாயி எதற்குப் போவார் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோப்புகள் மீது ஆகாயத்திலிருந்து தெளித்த ஊர்களின் துயரத்தை யாரும் ஒதுக்கிவிட முடியாது. முடிவில் பருத்தி, மணிலா உள்ளிட்ட பயிர்களுக்குச் சில ஆண்டு விலக்கு கிடைத்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தயாரிப்பையும் விற்பனையையும் உபயோகத்தையும் நிறுத்தியது. மாநாட்டில் வாங்கிய அவகாசம் வயலுக்கு வந்து சேரவில்லை.

குளோர்பைரிபாஸ் 2025 மே மாதம், சில விலக்குகளுடன், பட்டியலில் சேர்ந்தது. இந்தியா தனியாக ஒப்புக்கொள்ளும் வரை அது இந்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆதலால் நாளையே கடையில் நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மொத்தமாக வாங்கி அடுக்குவதும் வீண் செலவே.

கரையானுக்கு, மக்காத எருவை இடாதிருப்பதும், புற்றைத் தோண்டித் தாய்க் கரையானை அழிப்பதும் முதல் வேலை. இலை தின்னும் புழு, சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் உண்டு. வேம்பைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா! 5 கிலோ பருப்பை இடித்து இரவு முழுதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்பு கரைத்து மாலையில் தெளிக்கலாம். ஆனி, ஆடியில் உதிரும் பழங்களைப் பொறுக்கி, கொட்டையை நிழலில் உலர்த்தி வைக்கவும். எட்டு மாதத்துக்கு மேற்பட்ட கொட்டையில் வீரியம் குறைவு.