குதிகாலில் முள்ளா?

கேள்வி: என் வயது 44. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. ஆறு மாதமாகக் காலையில் எழுந்து தரையில் கால் வைத்தாலே குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலி. நாலு எட்டு நடந்தால் குறைகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முள் வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். ஆபரேஷன் தேவைப்படுமா?

– வாசகி, கும்பகோணம்

பதில்: முள்ளை மறந்துவிடுங்கள். வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது 'பிளான்டார் ஃபேஷியைட்டிஸ்' போலிருக்கிறது. குதிகாலிலிருந்து விரல்கள்வரை உள்ளங்காலைத் தாங்கும் தடித்த நார்ப்பட்டை, எலும்போடு சேரும் இடத்தில் நைந்துபோயிருக்கும். தூக்கத்தில் சுருங்கிக் கிடக்கும் அது, முதல் அடியில் உடல் எடை விழுந்ததும் வெடுக்கென்று இழுபடும். காலைக் குத்தலுக்குக் காரணம் அதுதான்.

மாத்திரையைவிடப் பயிற்சி முக்கியம். படுக்கையைவிட்டு இறங்குமுன், கால்மேல் கால் போட்டு, விரல்களைக் கையால் முன்னங்கால் பக்கம் இழுத்து 10 விநாடி பிடியுங்கள். இப்படி 10 முறை. சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால் தசையையும் நீட்டிவிடுங்கள். வீட்டு டைல்ஸ் தரையிலும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு அணியுங்கள் (பூஜையறைக்கு மட்டும் விலக்கு!). ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், மாதக்கணக்கில் ஆகும். ஊசி சில வாரம் வலியை அடக்கும். அடிக்கடி போட்டால் நார்ப்பட்டையே கிழியலாம். ஆபரேஷன் வெகு சிலருக்குத்தான்.

மரத்துப்போதல், எரிச்சல், வீக்கம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், சர்க்கரையும் பரிசோதியுங்கள்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்திருத்தம் வந்துவிட்டது. முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள்.