‘மீ’ தகாத சொல்லா?

நம்பிக்கை: ‘யூ அண்ட் ஐ’ எங்கே வந்தாலும் சரி, ‘யூ அண்ட் மீ’ கொச்சை.

உண்மை: ‘மீ அண்ட் ரவி வென்ட் டு த மார்க்கெட்’ என்று எழுதும் பிள்ளையிடம், ‘ரவி அண்ட் ஐ’ என்று எழுதச் சொல்கிறார் ஆசிரியர். திருத்தம் சரிதான். ஆனால் காரணம் சொல்லப்படுவதில்லை. ‘மீ’ என்பதே மரியாதை இல்லாத சொல் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, ‘ப்ளீஸ் சென்ட் இட் டு ரவி அண்ட் ஐ’ என்று மின்னஞ்சல் போகிறது.

ரவியை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள்: ‘சென்ட் இட் டு ஐ’. உடனே காதில் உறுத்துகிறது அல்லவா? அங்கே ‘ரவி அண்ட் மீ’தான் வர வேண்டும். செயலைச் செய்பவர் என்றால் ஐ, ஹி, ஷி, வி, தே. செயல் யார்மேல் விழுகிறதோ அவர் என்றால் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம். டு, ஃபார், வித், பிட்வீன் போன்ற பிரிபொசிஷன்களுக்குப் பிறகும் இவையே. பக்கத்தில் இன்னொருவர் பெயர் சேர்ந்தால் இது மாறிவிடாது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் அன்டோனியோவின் கடிதத்தில் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ இருக்கிறது, உண்மைதான். அதைக் காட்டி இன்றைய தேர்வில் மதிப்பெண் கேட்க முடியாது. ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ என்றே எழுதுங்கள்.

நம்பிக்கை: தமிழை மனதில் வைத்து எழுதினால் ஆங்கிலம் கெட்டுவிடும்.

உண்மை: இந்த விஷயத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ‘ரவிக்கும் நானும் கொடுத்தார்’ என்று நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லாது. ‘ரவிக்கும் எனக்கும்’ என்றே சொல்லும். ஒரே இடத்தில் மட்டும் கவனம் தேவை. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறோம். ஆங்கிலத்தில் இவை ‘ஐ நோ’, ‘ஐ ஆம் ஹங்க்ரி’.

நம்பிக்கை: ‘இட்ஸ் மீ’ பிழை, ‘இட் இஸ் ஐ’ என்றே சொல்ல வேண்டும்.

உண்மை: 1762-இல் ராபர்ட் லௌத் எழுதிய இலக்கண நூல் அப்படித்தான் விதித்தது. லத்தீன் இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்ட காலம் அது. இன்று கதவைத் தட்டிவிட்டு ‘இட் இஸ் ஐ’ என்று சொல்பவர் மிக அரிது. மொழி நகர்ந்துவிட்டது. ‘யூ’வும் ஒரு காலத்தில் ‘மீ’யின் வரிசையில் நின்ற சொல்தான், செய்பவரைக் குறிக்க ‘யீ’ என்று வேறொரு சொல் இருந்தது.

நம்பிக்கை: ‘ஐ’யா, ‘மீ’யா என்று குழப்பம் வந்தால் ‘மைசெல்ஃப்’ போட்டுத் தப்பிக்கலாம்.

உண்மை: முடியாது. ‘ஐ கட் மைசெல்ஃப்’ என்பதைப்போல, செய்பவரும் செயலுக்கு உள்ளாகிறவரும் ஒருவரே என்னும்போது அதற்கு வேலை உண்டு. ‘ஐ மைசெல்ஃப்’ என்று அழுத்திச் சொல்லவும் அது வரும். ‘கான்டாக்ட் ரவி ஆர் மைசெல்ஃப்’ என்பதைவிட ‘ரவி ஆர் மீ’ நேரானது. நேர்காணலில் ‘மைசெல்ஃப் குமார்’ என்று தொடங்காதீர்கள். ‘ஐ ஆம் குமார்’ என்று சொல்லுங்கள்.