திரையில் தோன்றும் அச்சமும் நோயாளியின் உடலும்

மெய்ப்பாடு என்னும் சொல்லுக்கு, உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலில் வெளிப்படுதல் என்று பொருள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணுகிறது. அவற்றுள் அச்சம் பிறப்பதற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு காரணங்களைக் கூறுகிறது. காட்டு யானைகள் வந்துபோகும் கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் விலங்கினால் வரும் அச்சத்தை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அணங்கையும் கள்வரையும் நாம் இன்று பெரும்பாலும் திரையிலேயே காண்கிறோம். ஒன்று பேய்ப் படம். மற்றொன்று கொலை மர்மப் படம்.

இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இத்தகைய படங்களைப் பார்க்கலாமா என்னும் கேள்வி வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி எழுகிறது. நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுள் பெரும்பாலோர் பார்க்கலாம். ஆனால், படத்தோடு தோன்றிய அச்சம் படத்தோடு முடிகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும்.

விடை உள்ள அச்சம்

துப்பறியும் கதைகள் தமிழ்த் திரைக்குப் புதியவை அல்ல. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிய 'திகம்பர சாமியார்' 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் வெளிவந்தது. அக்காலத்தில் ஓசூர் வட்டாரமும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. எஸ். பாலசந்தர் 1954இல் பாடல்களே இல்லாத 'அந்த நாள்' படத்தை இயக்கினார். 1970இல் அவர் இயக்கிய 'நடு இரவில்', அகதா கிறிஸ்டியின் நாவலை ஒட்டியது. சுஜாதாவின் கதைகள் 'காயத்ரி' (1977), 'ப்ரியா' (1978) எனப் படங்களாயின.

மருத்துவமனைக்கும் இக்கதைகளுக்கும் உறவு உண்டு. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் ஒரு மருத்துவர். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றி, நஞ்சுகளைப் பற்றி அங்கே கற்றார். நோயறிதலும் தடயங்களைச் சேர்த்து விடை காணும் செயலே. ஆனால் திசுப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு அந்த விடை எப்போது வரும், என்னவாக இருக்கும் என்பது தெரியாது. மர்மப் படமோ இரண்டரை மணி நேரத்தில் குற்றவாளியைக் காட்டிவிடும். உடல்நலமற்ற காலத்தில் சிலர் இப்படங்களை விரும்பிப் பார்ப்பதைக் குடும்பத்தினர் விபரீதமாகக் கருத வேண்டாம். விடை உள்ள ஓர் அச்சம் அவர்களுக்குச் சிறிது நேர ஆறுதலைத் தரக்கூடும்.

உடலில் நிகழ்வது என்ன?

அச்சமூட்டும் காட்சியைக் கண்டவுடன் மூளையின் ஆழத்திலுள்ள அமிக்டலா என்னும் பகுதி எச்சரிக்கை விடுக்கிறது. சிறுநீரகத்தின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன, உள்ளங்கை வியர்க்கிறது, மயிர்க்கூச்செறிகிறது. இது வெறும் படம் என்பதை மூளையின் முன்பகுதி உணர்த்தியதும் இம்மாற்றங்கள் சில நிமிடங்களில் தணிகின்றன.

இரத்தம் உறைந்துபோகும் அளவுக்குப் பயம் என்று பேச்சில் சொல்வதுண்டு. இதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 24 இளம் நலமுடையோரிடம் சோதித்து 2015இல் வெளியிட்டனர். அறிவூட்டும் படத்தைப் பார்த்தபோது இருந்ததைவிடத் திகில் படம் பார்த்தபோது, உறைதலுக்கு உதவும் எட்டாம் காரணி என்னும் புரதம் அதிகரித்தது. ஆயினும், இரத்தக்கட்டி உருவாகத் தொடங்கியதற்கான அறிகுறி இல்லை. நலமுள்ள உடல் இந்தச் சிறு சோதனையைத் தாங்கிக்கொள்கிறது என்பதே இதன் பொருள். நோயுற்ற இதயத்திற்கு அதே உறுதியை இந்த ஆய்வைக் கொண்டு அளிக்க இயலாது.

நிமிடங்களில் கவனிக்க வேண்டியவை

படம் பார்க்கையில் நெஞ்சில் அழுத்தமோ வலியோ தோன்றினாலும், அது இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், மூச்சுத் திணறலோ குளிர்ந்த வியர்வையோ மயக்கமோ வந்தாலும் அதனைப் பயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. கொலையாளி யார் என்று தெரியட்டும் எனக் காத்திருக்கவும் கூடாது. உடனே படத்தை நிறுத்தி 108ஐ அழையுங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை மருத்துவரால் தரப்பட்டிருந்தால் அவர் கூறியபடி பயன்படுத்துங்கள். அதற்காக அழைப்பைத் தாமதப்படுத்தாதீர்கள். கடும் உணர்ச்சி அதிர்ச்சியால் இதயத்தசை திடீரென வலுவிழக்கும் ஒரு நிலையும் உண்டு. அரிதான அந்நோய் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கே வருகிறது. எனவே, வயதான தாயார் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால் கேலி செய்யாமல் அழைத்து வாருங்கள்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர்களும் மருத்துவர் இசைவு தரும்வரை இத்தகைய படங்களைத் தவிர்ப்பது நன்று. மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் அத்தகைய காட்சிகளை விலக்க வேண்டும்.

இரவுகளில் கவனிக்க வேண்டியவை

ஓசூர் தொழிற்சாலைகளில் இரண்டாம் ஷிப்ட் முடித்து நள்ளிரவில் வீடு திரும்புவோர் பலர், கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டே படுக்கின்றனர். உறக்கத்தில் இரத்த அழுத்தம் இயல்பாகத் தாழ வேண்டும். தூக்கம் குறைந்தால் அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்கடங்காமல் போகும். திகில் படத்தை விடுமுறை நாளின் பகலுக்கு ஒதுக்குங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே திரையை அணைத்துவிடுங்கள்.

நோயாளியுடன் வார்டில் தங்குவோருக்கும் ஒரு வேண்டுகோள். காய்ச்சலிலோ அறுவை சிகிச்சைக்குப் பின்போ மனக்குழப்பம் அடையும் முதியவருக்கு, பக்கத்துக் கட்டிலிலிருந்து கேட்கும் அலறல் உண்மை அலறலாகவே தோன்றும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது அங்கே பழமொழியாக நிற்பதில்லை, நேரில் நிகழ்கிறது. இரவில் வார்டில் திகில் படம் வேண்டாம்; பகலில் பார்த்தாலும் காதுக்கருவியைப் பயன்படுத்துங்கள்.

வாரங்களில் கவனிக்க வேண்டியவை

சிறு குழந்தைகளால் கற்பனையையும் உண்மையையும் முழுமையாகப் பிரித்தறிய இயலாது. தனியே உறங்க மறுத்தல், படுக்கையில் சிறுநீர் கழித்தல், பள்ளிக்குச் செல்ல அஞ்சுதல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் குழந்தைநல மருத்துவரை அணுகுங்கள். தணிக்கைச் சான்றிதழில் இப்போது யுஏ 7+, 13+, 16+ என்னும் வயதுப் பிரிவுகள் உள்ளன. அவற்றைப் பார்த்தே படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

விபத்தையோ வன்முறையையோ நேரில் கண்டவர்களுக்கு, திரைக்காட்சி அந்நினைவை மீட்டெழுப்பக்கூடும். காதில் குரல் கேட்பவர்களுக்கும், பிறர் தமக்குத் தீங்கிழைப்பதாக ஐயுறுபவர்களுக்கும் இப்படங்கள் ஏற்றவை அல்ல. அச்சம் ஓயாமல் தொடர்ந்தால், டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

நோயாளி தாமே விரும்பிப் பார்க்கும் படத்தைக் குடும்பத்தினர் பறிக்க வேண்டியதில்லை. அருகில் அமர்ந்து சேர்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஒரு குவளை நீர் கொடுத்து, சிறிது நேரம் கதையைப் பற்றிப் பேசுங்கள். அவர் முகம் தெளிந்து, மூச்சு சீராகியிருந்தால் கவலையின்றி உறங்கச் செல்லலாம்.