காயும் பழமும்

செஞ்சி என்றதும் எல்லோர் நினைவிலும் எழுவது கோட்டைதான். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்துக் கட்டப்பட்ட அரண் அது. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்துப் போரிட்டு, இளமையிலேயே உயிர் துறந்த தேசிங்கு ராஜனின் வீரத்தை நம் ஊரார் இன்றும் கதையாகச் சொல்கின்றனர். பகைவனை எதிர்த்து நிற்பது வீரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நமக்குத் தீங்கு செய்தவரை மன்னிப்பதற்கும் வீரம் வேண்டும் என்கிறது கிறிஸ்தவ மறை. அது எத்தகைய வீரம் என்பதை இங்கு சிந்திப்போம்.

ஒருமுறை பேதுரு இயேசுவிடம், தமக்கு எதிராகத் தவறு செய்யும் சகோதரனை எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறை போதுமா என்று கேட்டார். எண்ணிக் கணக்கு வைக்க முடியாத அளவுக்கு மன்னிக்க வேண்டும் என்று பொருள்படும்படி பதிலளித்த இயேசு, ஓர் உவமையையும் சொன்னார். அது மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் உள்ளது. அரசனிடம் 10,000 தாலந்து கடன்பட்டிருந்த பணியாளன் ஒருவன், கடன் முழுவதும் தள்ளுபடி செய்யப்பெற்று வெளியே வருகிறான். வந்தவன், தன்னிடம் 100 தெனாரியம் கடன் வாங்கிய உடன் பணியாளனைக் கண்டு, அவன் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறான், சிறையிலும் அடைக்கிறான்.

இந்தத் தொகைகளைக் கணக்கிட்டுப் பார்த்தால் உவமையின் ஆழம் விளங்கும். ஒரு தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் ஊதியம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். அப்படியானால் 10,000 தாலந்து என்பது 6 கோடி நாட்களின் கூலி! ஒருவர் ஒரு நாள்கூட ஓயாமல் உழைத்தாலும் அதைத் தீர்க்க 1,64,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

மற்றொரு கடனோ நூறு நாள் கூலி. அது அற்பத் தொகையா? வயல் வேலைக்குச் செல்லும் தாய்மாரைக் கேட்டால் தெரியும். மூன்று மாதங்களுக்கு மேல் வீட்டில் அடுப்பெரிய வைக்கும் பணம் அது. ஆகவே, பிறர் நமக்குச் செய்யும் தீங்கு ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. வலி உண்மையானது, கடனும் உண்மையானது. ஆனால் அதைவிடப் பன்மடங்கு பெரிய கடனை இறைவன் நமக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பதை மறவாதீர்கள் என்றே சொல்கிறார்.

இந்தப் போதனையை வாழ்ந்து காட்டியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றனர். கேரளத்தில் புல்லுவழி என்னும் ஊரில் 1954ஆம் ஆண்டு பிறந்தவர் அருட்சகோதரி ராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையைச் சேர்ந்த அவர், மத்தியப் பிரதேசத்தில் உதயநகர் பகுதி ஏழை மக்களிடையே பணி செய்தார். வட்டிக்கடனிலிருந்து மீளவும், தங்கள் உரிமையை அறியவும் அம்மக்களுக்குத் துணை நின்றார். இது சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர்களின் தூண்டுதலால் 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த அவரைச் சமுந்தர் சிங் என்பவர் கத்தியால் குத்திக் கொன்றார்.

ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் அதே சபையின் துறவி. உடன்பிறந்த அக்காளைக் கொன்றவரை மன்னிப்பது எளிதா? ஆயினும் 2002ஆம் ஆண்டு அவர் சிறைக்குச் சென்று, சமுந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டி, அவரைத் தம் சகோதரராக ஏற்றார். அக்குடும்பத்தாரும் அவரை மன்னித்தனர்; அவர் விடுதலை பெற இசைவும் தந்தனர். 2006இல் விடுதலையான சமுந்தர் சிங் பின்னர் புல்லுவழிக்கே சென்று அந்தக் குடும்பத்தைச் சந்தித்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மன்னிப்பு குற்றத்தை மூடி மறைப்பதன்று. நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. குற்றவாளி 11 ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1981 மே 13 அன்று தம்மைச் சுட்ட மெகமத் அலி அக்காவை, 1983 டிசம்பரில் சிறையிலேயே சென்று சந்தித்தார் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். அவர் மன்னித்த பிறகும் அக்கா 2000ஆம் ஆண்டுவரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். ஆகவே, நமக்கு ஒருவர் தீங்கிழைத்தால் அதைப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்வது மன்னிப்புக்கு முரணானதன்று. சொல்லத்தான் வேண்டும். வஞ்சம் வைப்பதுதான் கூடாது.

இரண்டாவது, மன்னிப்புக்குக் காலம் வேண்டும். கொலை நடந்தது 1995. ராக்கி கட்டியது 2002. இடையே ஏழு ஆண்டுகள்! அந்த ஏழு ஆண்டுகளின் பெயர்தான் பொறுமை. பொறுமை என்பது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதன்று. மனம் கசந்து போகாமல் காத்துக்கொள்வது. திருவள்ளுவரும் பொறையுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, தன்னைத் தோண்டுபவரையும் தாங்கும் நிலத்தை அதற்கு உவமை காட்டினார் அன்றோ?

அன்புத் தோழியரே! சிறு வகுப்புகளில் சண்டை வந்தால் நாம் 'காய்' விடுவோம். சமாதானம் ஆனால் 'பழம்' விடுவோம். விளையாட்டுச் சொற்கள்தாம், ஆனால் எவ்வளவு பொருத்தமானவை! காய் ஒரே நாளில் பழமாவதில்லை. வெயிலையும் காற்றையும் தாங்கி, கிளையை விடாமல் பற்றியிருந்தால்தான் கனியும். பெரிய வகுப்புக்கு வந்தபின் நாம் 'காய்' என்று சொல்வதில்லை, பேசாமல் இருந்துவிடுகிறோம். மதிப்பெண்ணில் பொறாமை, நம்மைப் பற்றிப் பரப்பப்பட்ட ஒரு பேச்சு, வாங்கிய நோட்டைத் திருப்பித் தராதது என்று காரணங்கள் பல. மார்ச்சு மாதத் தேர்வு முடிந்தால் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிடுவோம். அதன்பின் சமாதானம் செய்துகொள்ள நினைத்தாலும் வாய்ப்புக் கிடைப்பது அரிது.

எனவே, கோபம் முழுவதும் ஆறட்டும் என்று காத்திராமல், முதல் அடியை இன்றே எடுத்து வைப்போம். பேசாதிருக்கும் தோழிக்காக ஒரு செபம். காலையில் ஒரு வணக்கம். அவள் பள்ளிக்கு வராத நாளில் பாடக் குறிப்பைக் கொடுத்துதவும் ஒரு கை. இவை சிறியவைதாம். ஆனால் சிறையின் கம்பிகளைத் தாண்டி ராக்கி கட்டிய அன்பும் இத்தகைய சிறு அடிகளால்தான் நடந்து சென்றது. அந்த அன்பை இறைவன் நமக்கும் அருள்வாராக!