பக்கத்து உறுப்பில் தெரியும் சூலகக் கட்டி

பெண்களின் சூலகத்தில் வரும் கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எனினும் "சாதாரணக் கட்டிதானே" என்று நாம் இருந்துவிடலாகாது. கணக்கேட்டில் ஒரு பக்கத்துப் பிழை மறுபக்கத்தில் தெரிவதுபோல, இதன் தொல்லை சிலவேளை பக்கத்து உறுப்பிலேயே தெரியும்.

கட்டி சலப்பையை அழுத்தினால் அடிக்கடி சலம் போகும். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயை அழுத்தினால் சிறுநீரகம் வீங்கும். மயிர், பல் முதலியன கொண்ட 'டேர்மொயிட்' கட்டி மிக அரிதாகச் சலப்பையைத் துளைக்கும். அப்போது சலத்தோடு மயிரும் வரும். சூலக நார்க்கட்டியோடு வயிற்றிலும் நெஞ்சறையிலும் நீர் கோப்பதை 1937இல் அமெரிக்க வைத்தியர்களான மெக்ஸும் காஸும் விவரித்தனர். கட்டியை அகற்றியதும் அந்நீர் வற்றிவிடும்.

மவுண்ட் ஆல்பர்ட்டில் நம்மவர் வீடொன்றில் ஒரு மாமி, வயிறு ஊதியதை "வாயு" என்று மாதக்கணக்காக மறைத்தார். வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் போனவன் பதினான்கு வயதுப் பேரன். அவனிடம் எதைச் சொல்வது? பிறகு ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் வந்தபோதே எல்லாவற்றையும் சொன்னார். ஸ்கானில் கட்டி தெரிந்தது. சத்திரசிகிச்சையின் பின் இப்போது சுகம்.

1996ஆம் ஆண்டின் நியூசிலாந்து நோயாளர் உரிமை விதிகளின்படி, தேவையும் வசதியும் உள்ளவிடத்துத் தகுதியான மொழிபெயர்ப்பாளரைப் பெறுவது நமது உரிமை. கேட்க வெட்கப்படவேண்டாம்.

வயிறு பெருத்தல், அடிக்கடி சலம் போதல், சிறிது உண்டதும் வயிறு நிறைதல் ஆகியன சில வாரம் நீடித்தால் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். திடீரென அடிவயிற்றில் கடும் நோவும் வாந்தியும் வந்தால் கட்டி முறுகியிருக்கலாம். உடனே 111ஐ அழையுங்கள்.