கணக்கில் வராத உழைப்பு

"உங்கள் உம்மா என்ன வேலை செய்கிறார்?" என்று யாராவது கேட்டால், "வேலை செய்வதில்லை, வீட்டில்தான் இருக்கிறார்" என்ற பதிலையே நம்மில் பலரும் சொல்கிறோம். உயர்தரத்தில் பொருளியல் கற்கும் மாணவி என்ற வகையில் இந்தப் பதிலைச் சற்று ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன். ஆண், பெண் சமத்துவமின்மையின் ஒரு முக்கிய வேர் இதற்குள் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

நமது நாட்டில் பெண்களின் நிலை பெரிதும் மாறியிருக்கிறது. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தபோது ஆண்களோடு பெண்களும் வாக்காளர்களானார்கள். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி ஏழைப் பெண் பிள்ளைக்கும் பாடசாலைக் கதவைத் திறந்தது. 1960இல் உலகின் முதலாவது பெண் பிரதமரை இலங்கை தந்தது. நம் சமூகத்தில் அறிஞர் சித்திலெவ்வை 19ஆம் நூற்றாண்டிலேயே பெண் கல்விக்காகக் குரல் கொடுத்தார். 1946இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தோன்றியது. இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகும் மாணவர்களில் அரைவாசிக்கும் அதிகமானோர் பெண்கள்.

ஆனால் பரீட்சை மண்டபத்தில் முன்னிற்கும் பெண்ணைத் தொழிற்களத்தில் அதே அளவில் காண முடியவில்லை. 15 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் அடங்கிய ஊழியப்படைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். அண்மைய ஆண்டுகளில் ஆண்களில் 100 பேருக்குச் சுமார் 70 பேர் ஊழியப்படையில் இருக்க, பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவிலேயே இருக்கின்றனர். 2024இல் தெரிவான பாராளுமன்றத்திலும் 225 உறுப்பினர்களில் பெண்கள் மிகச் சிலரே.

ஊழியப்படைக்கு வெளியே உள்ள பெண்கள் என்ன செய்கிறார்கள்? அவர்களில் பெரும்பாலோர் தரும் காரணம் வீட்டு வேலை. புள்ளிவிபர மொழியில் அவர்கள் 'பொருளாதார ரீதியாகச் செயற்படாதோர்'. சம்பளமின்றி வீட்டினருக்குச் சமைப்பது, துவைப்பது, பிள்ளை வளர்ப்பது, முதியோரைப் பராமரிப்பது ஆகியவை மொத்த உள்நாட்டு உற்பத்தியிலும் சேர்க்கப்படுவதில்லை. இதைப் பாடமாகப் படித்த வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை என் உம்மாவின் வேலைகளை நேரத்தோடு எழுதி வைத்தேன். சுபஹுக்கு முன் எழுந்து சோறு, கறி ஆக்கியது முதல், மூத்தம்மாவை கிளினிக்குக் கூட்டிச் சென்றது, தம்பிக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தது, இரவில் கடைசிக் கோப்பையைக் கழுவி வைத்தது வரை கூட்டிப் பார்த்தால் 11 மணித்தியாலத்துக்கும் மேல் வந்தது. அலுவலகத்தில் வேலை செய்பவரின் நாள் 8 மணித்தியாலம். என் உம்மாவோ 'செயற்படாதவர்'!

இன்னொரு விந்தையும் உண்டு. நமது ஊர்களிலிருந்து எத்தனையோ தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்கிறார்கள். அங்கே அவர்கள் செய்வதும் இதே சமையல், இதே துவையல், இதே பிள்ளைப் பராமரிப்புத்தான். அங்கே அது தொழில். அதற்கு ஒப்பந்தமும் சம்பளமும் உண்டு. அந்தப் பணம் நாட்டுக்கு அந்நியச் செலாவணியாக வருகிறது. அதே கைகள் அதே வேலையைச் சொந்த அடுப்படியில் செய்தால் கணக்கில் ஒன்றுமில்லை. வேலை மாறவில்லை, அதற்கு நாம் கொடுக்கும் மதிப்புத்தான் மாறுகிறது.

இது நம் நாட்டில் மட்டுமுள்ள நிலையல்ல. உலகில் ஊதியமின்றிச் செய்யப்படும் பராமரிப்பு வேலைகளில் நான்கில் மூன்று பங்கைப் பெண்களே செய்கிறார்கள் எனச் சர்வதேச தொழில் அமைப்பு 2018இல் மதிப்பிட்டது.

வெளியில் தொழில் செய்யும் பெண்ணுக்கும் இதில் விடுதலை இல்லை. ஆசிரியையோ தாதியோ, மாலையில் வீடு திரும்பியதும் அவளுக்கு இரண்டாவது வேலை தொடங்குகிறது. ஆகவே பெண் வெளியே செல்வதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. வீட்டுச் சுமையைப் பங்கிட மற்றவர்களும் உள்ளே வர வேண்டும். வீட்டிலிருந்து குடும்பத்தைக் கவனிக்கவே ஒரு பெண் விரும்பினால் அதுவும் மதிப்புக்குரிய தெரிவுதான். ஆனால் வேறு வழியில்லாத இடத்தில் அதைத் தெரிவு என்று சொல்ல முடியாது.

வீட்டு வேலை ஆணுக்கு இழுக்கு என்ற எண்ணத்துக்கு நம் மார்க்கத்தில் இடமில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபடுவார்கள் என ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

பெற்றோரிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். பரீட்சைக் காலத்தில் நானாவுக்கும் தம்பிக்கும் கிடைக்கும் அமைதியான இரண்டு மணித்தியாலம் மகளுக்கும் கிடைக்கட்டும். சாப்பிட்ட கோப்பையைக் கழுவவும் தன் சட்டையைத் தானே துவைக்கவும் மகனையும் பழக்குங்கள். நாளை அவன் ஒரு பெண்ணின் கணவனாவான். அவள் படிப்பின் பயன் அவனுடைய பழக்கத்திலும் தங்கியிருக்கும்.

சக மாணவிகளே, இந்த வார இறுதியில் உங்கள் வீட்டிலும் ஒரு நாள் கணக்கை எழுதிப் பாருங்கள். யார், என்ன வேலை, எத்தனை மணித்தியாலம் என மூன்று நிரல்கள் போதும். எழுதி முடித்ததும் அதை வாப்பாவிடமும் சகோதரர்களிடமும் காட்டி, எந்த வேலையை யார் பொறுப்பேற்கலாம் என்று வீட்டார் எல்லோரும் சேர்ந்து பேசுங்கள்.