மழைக்காலத்தில் கால்களைக் காப்போம்: ரப்பர் பூட்ஸைத் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும்

ஐப்பசியும் கார்த்திகையும் நமது மாநிலத்தின் மழை மாதங்கள். தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பதாகும். ஏரி நிரம்புகிறது; கிணறு ஊறுகிறது; விவசாயியின் முகம் மலர்கிறது. ஆனால் அதே நாட்களில் கொல்லைப்புறம் சேறாகிறது. மாட்டுத் தொழுவத்தில் கோமியமும் மழைநீரும் கலந்து தேங்குகின்றன. தோட்டத்துப் பாத்திகளில் களை மண்டுகிறது. வளைகளில் நீர் புகுந்துவிடுவதால் எலியும் பாம்பும் மேட்டு நிலத்தை நாடி வருகின்றன. இவ்வளவுக்கும் நடுவே நம் குடியானவரும் அவர் வீட்டுப் பெண்களும் வெறுங்காலுடன் நடமாடி வேலை செய்கிறார்கள்.

கலப்பையின் கொழு தேய்ந்தால் மாற்றுகிறோம். மாட்டின் குளம்பு தேயாமலிருக்க லாடம் அடிக்கிறோம். உழைக்கும் மனிதருடைய காலுக்கு நாம் என்ன செய்திருக்கிறோம் என்று சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வெறுங்காலுக்கு நேரும் தீங்குகள்

முதலாவது, கொக்கிப்புழு. திறந்த வெளியில் கழிக்கப்படும் மலத்திலிருந்து வெளிப்படும் இப்புழுவின் முட்டை, ஈர மண்ணில் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத இளம்புழுவாகிறது. அது வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்சென்று, இரத்தத்தோடு கலந்து, நுரையீரல் வழியாக இறுதியில் குடலை அடைந்து அங்கே இரத்தத்தை உறிஞ்சி வாழ்கிறது. இரத்தசோகையால் சோர்ந்து கிடப்போரிற் சிலருக்கு நோயின் வாயில் அவர்களுடைய உள்ளங்காலே ஆகும்.

இரண்டாவது, எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரிலும், நோயுற்ற கால்நடைகளின் சிறுநீரிலும் இருக்கும் கிருமி, தேங்கிய நீரில் பல நாட்கள் உயிரோடிருக்கும். காலிலுள்ள சிறு கீறலும், நீரில் நெடுநேரம் ஊறி மெலிந்த தோலும் அதற்குப் போதுமான வழியாகும். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் வலி, கண் சிவத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே சிகிச்சை பெற்றால் குணமாகும். காலம் தாழ்த்தினால் சிறுநீரகமும் கல்லீரலும் பழுதுபட்டு உயிருக்கே ஆபத்து நேரிடலாம்.

மூன்றாவது, பாம்புக்கடி. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 உயிர்கள்! இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். மிகுதியான மரணங்கள் மழைக்காலத்தில் நிகழ்ந்தவை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே நம் நாட்டில் மிகுதியான உயிர்களைக் கொள்பவை. வயல் வேலையின்போது நேரும் கடிகளில் பெரும்பாலானவை முழங்காலுக்குக் கீழேயே படுகின்றன. இருட்டில் மடை திறக்கச் செல்பவரும், வைக்கோற்போரில் கை வைப்பவரும், புல்லறுக்கும் பெண்ணும் இதற்கு இலக்காகிறார்கள்.

இம்மூன்று தீங்குகளும் பெரும்பாலும் காலின் வழியாகவே வருகின்றன. ஆகவே காலை மூடினால் இவற்றை வெகுவாகக் குறைக்கலாம். சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இவ்வேலையைச் செய்யும்.

இந்தப் பூட்ஸ் வந்த விதம்

1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் ஆங்கிலேயர் படையில் பங்குகொண்ட ஆர்தர் வெல்லெஸ்லி என்பவர், பிற்காலத்தில் வெல்லிங்டன் கோமகனானார். அவர் அணிந்த உயரமான தோல் பூட்ஸுக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. தோலோ நீரில் ஊறிக் கெட்டுவிடும். ரப்பர்ப் பாலிலிருந்து செய்த பொருளோ வெயிலில் பிசுபிசுத்துக் குளிரில் வெடித்தது. 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் நெகிழ்வும் பெறுவதைக் கண்டார். அதன் பின்னர் 1853ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ரப்பர் பூட்ஸ் செய்யும் தொழிற்சாலை தோன்றியது. அந்நாட்டு உழவர்கள் அதுவரை மரக்கட்டைக் காலணியுடன் சேற்றில் உழன்றவர்கள். உலர்ந்த காலுடன் மாலையில் வீடு திரும்பும் வசதி அவர்களுக்கு அப்போது கிடைத்தது. அந்த வசதி நமது உழவருக்கும் உரியதே. ரப்பர் நமக்கு அயல்நாட்டுச் சரக்கும் அன்று. நமது கன்னியாகுமரி மாவட்டத்திலேயே ரப்பர் மரங்கள் பால் சுரக்கின்றன.

தேர்ந்தெடுக்கும் முறை

கடைகளில் இரு வகைப் பூட்ஸ் கிடைக்கின்றன. ஒன்று ரப்பரால் ஆனது, மற்றொன்று பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. ரப்பர் நன்கு வளையும், காலுக்கு இதமானது, ஆனால் மண்ணெண்ணெயும் டீசலும் பட்டால் ஊதிக் கெடும். பி.வி.சி. விலை குறைந்தது, எண்ணெயை ஓரளவு தாங்கும், ஆனால் நாளடைவில் விறைத்து, மடிப்புகளில் வெடிக்கும். இந்திய தர நிர்ணயத்தின்படி ரப்பர் பூட்ஸுக்கும் பி.வி.சி. பூட்ஸுக்கும் தனித்தனித் தரங்கள் உள்ளன. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குவது நலம்.

அளவைப் பார்ப்பதற்கு மாலை நேரமே ஏற்றது. நாள் முழுதும் உழைத்த கால் மாலையில் சற்றே வீங்கியிருக்கும். தடித்த பருத்திக் காலுறையை அணிந்துகொண்டே போட்டுப் பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருத்தல் வேண்டும். நடக்கும்போது குதிகால் மிகுதியாக மேலெழும்பக் கூடாது. தளர்ந்த பூட்ஸைச் சேறு பிடித்து இழுத்துக்கொள்ளும். அணிந்தவர் இடறி விழுவார். வீட்டில் யாருக்கோ வாங்கியதை எல்லோரும் மாறி மாறி அணிவது பயனற்றது. தொழுவத்தைக் கூட்டுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்களே. ஆதலால் அவர்களுடைய காலுக்குப் பொருந்தும் சிறிய அளவைக் கேட்டு வாங்க வேண்டும். கடையில் இல்லையெனில் தருவித்துத் தரச் சொல்ல வேண்டும்.

உயரம் வேலைக்கேற்ப அமைய வேண்டும். தொழுவத்திற்குக் கணுக்கால் மூடும் பூட்ஸ் போதும். புதரிலும் இருட்டிலும் செல்வோர்க்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை உயர்ந்ததே வேண்டும். அடிப்பகுதியில் ஆழ்ந்த, இடைவெளி அகன்ற வரிகள் இருந்தால் களிமண் ஒட்டாது உதிரும், வழுக்கலும் குறையும்.

அணியும் முறை

அணியுமுன் பூட்ஸைத் தலைகீழாக்கி நன்கு தட்டுதல் வேண்டும். தேளும், பூரானும், சில சமயம் சிறு பாம்பும் அதனுள் புகுந்து உறங்கும். இப்பழக்கத்தை ஒருநாளும் விடலாகாது. கையை உள்ளே விட்டுச் சோதிப்பது தவறு.

புதரிலும் புல்லிலும் செல்லும்போது காற்சட்டையைப் பூட்ஸுக்குள் விட வேண்டும். பூச்சிமருந்து தெளிக்கும்போதோ அதைப் பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். இல்லையேல் வழியும் மருந்து பூட்ஸுக்குள் இறங்கித் தோலைச் சுடும். மருந்து தெளிக்கத் துணி உட்பகுதி இல்லாத பூட்ஸே ஏற்றது; துணி நஞ்சை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். வெயில் நேரத்தில் நாள் முழுதும் அணிந்தால் வியர்வை தேங்கி விரலிடுக்கில் புண் உண்டாகும். நீரிழிவு நோயுள்ளோரும், காலில் உணர்ச்சி குன்றியோரும் உள்ளே கல் இருப்பதை உணரமாட்டார்கள். அவர்கள் ஒவ்வொரு நாளும் கழற்றியபின் உள்ளங்காலை நன்கு பார்வையிடுதல் வேண்டும்.

பேணும் முறை

நன்கு பேணினால் நெடுநாள் உழைக்கும் பூட்ஸ், கவனியாவிட்டால் ஓராண்டிலேயே கெட்டுவிடும். பேணுவதற்குரிய விதிகள் எளியவை.

வேலை முடிந்தவுடன் சேற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சாணமும் கோமியமும் உரமும் மருந்தும் பட்டதைக் காயவிடலாகாது. குடிதண்ணீர்க் கிணற்றின் அருகில் கழுவுவது பெரும்பிழை. பூட்ஸை நிழலில், தலைகீழாக முளையில் மாட்டிக் காற்றில் உலர்த்த வேண்டும். உள்ளே ஈரமிருப்பின் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சும். அடுப்பருகிலும் கடும் வெயிலிலும் வைத்தால் வெடித்துப்போகும். மழைக்காலம் முடிந்தபின் மடக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். அடுத்த பருவம் வருமுன் வெடிப்பு உள்ளதா என்று வளைத்துப் பார்க்க வேண்டும். ஐயமிருப்பின் உள்ளே தண்ணீர் நிரப்பி, வெளியே கசிகிறதா என்று நோக்கலாம்.

ரப்பரில் சிறு துளையெனில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவதைப் போலவே அரத்தால் சுரண்டி, ஒட்டுப்பசை தடவி, ரப்பர்த் துண்டை வைத்து ஒருநாள் அழுத்தி வைக்கலாம். பி.வி.சி.யில் இவ்வொட்டு நிற்காது.

கோமாரி நோய் பரவும் காலத்தில் பூட்ஸுக்குத் தனிக் கவனம் தேவை. ஒரு தொழுவத்துச் சாணம் ஒட்டிய காலணியே மறு தொழுவத்திற்கு அந்நோயைக் கொண்டு போகும். முதலில் சேற்றை நன்கு தேய்த்துக் கழுவிய பின்னர், பத்து லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து அதில் நனைக்க வேண்டும். சேறு போகாத பூட்ஸில் மருந்து வேலை செய்யாது.

பூட்ஸால் இயலாதவை

எல்லாவற்றையும் பூட்ஸே காக்கும் என நம்பலாகாது. சேறு கலக்கிய நடவு வயலில் அது உள்ளே அழுந்திக்கொள்ளும். அங்கே அது பயன்படாது. சாதாரணப் பூட்ஸ் மின்சாரத்திலிருந்து காக்காது. அறுந்த மின்கம்பியை நெருங்கலாகாது. ஆணியும் கருவேல முள்ளும் மெல்லிய அடிப்பகுதியைத் துளைக்கும்; காயம்பட்டால் ஜன்னி தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பூட்ஸை மீறிப் பாம்பு கடித்தால் கயிற்றால் இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் ஆகா. காலை அசைக்காமல், 108 ஆம்புலன்ஸை அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

விளைநிலத்தில் காலணியுடன் இறங்கலாகாது என்பது நம் முன்னோர் மண்ணுக்குச் செய்த மரியாதை. அதை நாம் இகழவில்லை. ஆனால் அம்மரியாதை விதைப்பு நாளுக்குரியது. தொழுவத்துக் குழிக்கும், இரவுக் காவலுக்கும், குப்பைக் கிடங்குக்கும் உரியதன்று.

இன்னொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். ஒரு சாரார் ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கவும் தடை இருந்த காலம் நம் கிராமங்களில் உண்டு. தீண்டாமையை அரசியலமைப்பு ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் சட்டமும் 1989ஆம் ஆண்டின் சட்டமும் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கின. ஆயினும் இன்றும் ஊர்க் குப்பையையும் சாக்கடையையும் சுமப்பவர் பலர் அதே குடும்பங்களைச் சேர்ந்தோர். அவர்களுள் பலருடைய கால் வெறுங்காலே. ஆகவே பஞ்சாயத்து ஒரு பூட்ஸ் வாங்கித் தருவது வெறும் செலவுக் கணக்கன்று. பழைய கணக்கொன்றைத் தீர்ப்பதுமாகும்.

தூய்மைப் பணியாளர் ஒவ்வொருவருடைய கால் அளவையும் எழுதிக்கொண்டு, அவரவர்க்குத் தனி ஜோடியும் இரு ஜோடிக் காலுறையும் வாங்குதல் வேண்டும். ஒரே அளவில் மொத்தமாக வாங்கி மூலையில் அடுக்குவது பணத்தைப் பாழாக்குவதாகும். கிழிந்ததை மாற்றித் தரவும், கழுவி உலர்த்தவும் இடம் ஒதுக்க வேண்டும். பூட்ஸ் கொடுத்துவிட்டோம் என்று யாரையும் கழிவுநீர்த் தொட்டியில் இறக்கலாகாது. நச்சு வாயுவைப் பூட்ஸ் தடுக்காது. உரிய பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது.

அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நம் ஊரில் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் நிற்பவர் எத்தனை பேர்?" என்று கேட்கட்டும். அவ்வெண்ணிக்கையை எழுதி வைத்து, அடுத்த பருவமழைக்கு முன்பே அதைக் குறைக்க முயல்வோம்.